ஹூட் இறக்கிய மொறிஸ் மைனரில் பாட்டுக் கேட்பது

காரைச் சுற்றிப் பார்ப்பவர்கள் கொஞ்ச நேரத்தில் "எத்தனை வாற் போட்டிருக்கிறீங்க?" என்று கேட்டுவிடுவார்கள். ஓட்டோவின் பின்சீற்றுக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வரிசையாக அடுக்கிப் பழகிய ஊரில் அது நியாயமான கேள்விதான். ஆனால் திறந்த காரில், அதுவும் எழுபது வருடப் பழைய காரில், வாற் கடைசியாகப் பார்க்க வேண்டிய சங்கதி. முதலில் கரண்ட், பிறகு ஸ்பீக்கர் இருக்கப்போகும் இடம், அதற்கப்புறம்தான் ரேடியோ செற். கடையில் செற்றின் பெட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு, அதை வாங்கிவந்து, பிறகு எங்கே பூட்டுவது, எதிலிருந்து கரண்ட் எடுப்பது என்று யோசிப்பதுதான் வழக்கம். எங்கள் காரிலும் முன்பு அப்படித்தான் நடந்திருந்தது.

கார் 1955ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் டூரர். நடுவில் பிளந்த முன்கண்ணாடி, 803 சிசி எஞ்சின், கூரைக்குப் பதிலாக மடித்து இறக்கும் துணி ஹூட். அப்போதிக்கரியாக, அதாவது உதவி வைத்தியராக, இருந்த மாமா வாங்கியது. 2004 டிசம்பர் சுனாமியின்போது எஞ்சின் இறக்கிய நிலையில் மட்டக்களப்பு, புளியந்தீவில் ஒரு கராஜில் கிடந்ததால் தப்பியது. கடலோரக் கல்லடி வீட்டில் நின்றிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. இப்போது அது மாலையில் கல்முனைப் பக்கம் ஒரு சுற்றுப் போவதற்கும், தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணை ஏற்றிக்கொண்டு ஊர்வதற்கும் பயன்படுகிறது. கல்யாணக்காரர்களுக்குப் பாட்டு வேண்டும். அதிலிருந்துதான் இந்த வேலை தொடங்கியது.

மாமா காலத்தில் அதில் ரேடியோமொபைல் என்ற கொம்பனியின் வால்வு செற் ஒன்று இருந்தது. சுவிட்சைப் போட்டதும் ஒரு முனகல் கேட்கும், வால்வுகள் சூடான பிறகுதான் குரல் வரும். மத்திய அலை, நீள அலை இரண்டும்தான். நீள அலை ஒலிபரப்பு நம் பக்கத்து நாடுகளில் கிடையாது என்பதால் அந்தப் பட்டன் சும்மா அழகுக்கு. அது பழுதான பிறகு யாரோ ஒருவர் டாஷ்போட்டுக்குக் கீழே ஒரு கசற் செற் பூட்டிக் கொடுத்திருந்தார். அந்த செற்றைச் சுற்றிச் சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டிக் கட்டி, அதற்கு மேல் கறுப்பு ரேப் சுற்றியிருந்தது. அதிராமல் இருக்கத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். ரப்பர் காய்ந்து வெடித்து, செற்றின் உடம்பு காரின் உடம்பில் முட்டிய அன்று வயர் உருகிப் புகை வந்தது. காரணம் அப்போதுதான் விளங்கியது.

இந்தக் கார்கள் பொசிற்றிவ் எர்த். அதாவது பற்றரியின் பிளஸ் முனை காரின் உடம்போடு சேர்ந்திருக்கும். இன்றைய செற் எதுவானாலும் அதன் இரும்புப் பெட்டியும் ஏரியல் வயரின் வெளிப்பின்னலும் மைனஸ். அதை அப்படியே இரும்பில் முடுக்கினால் நேர் ஷோர்ட். பழைய கார் வைத்திருப்பவர்கள் கடைக்குப் போகும் முன்னர் செய்ய வேண்டியது, பொனற்றைத் திறந்து பற்றரியின் எந்த முனையிலிருந்து வயர் உடம்புக்குப் போகிறது என்று பார்ப்பது. பார்க்க ஒரு நிமிடம் போதும்.

காத்தான்குடியில் வயரிங் வேலை செய்யும் ஒரு நானாவிடம் போனேன். பழைய ஆள், லூக்காஸ் டைனமோவைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார். நான் செற் வாங்க யோசனை கேட்கத்தான் போனேன். அவர் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, செற்ற விடுங்க. அதுக்கு சாப்பாடு எங்கிருந்து வரப்போகுது என்று முதல்ல பாப்பம்" என்றார்.

காரை நெகற்றிவ் எர்த்துக்கு மாற்றுவது பலர் பயப்படும் அளவுக்குப் பெரிய வேலை இல்லை. பற்றரியைத் திருப்பி வைத்து முனைகளை மாற்ற வேண்டும். பிளஸ் முனை மைனஸை விடச் சற்றுத் தடிப்பு, ஆகவே பழைய கிளிப்புகள் பொருந்தாது, புதுசு வாங்குவதே நல்லது. இக்னிஷன் கொயிலில் எஸ்டபிள்யூ, சிபி என்று குறியிட்ட இரண்டு வயர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டாலும் கார் ஓடும், ஆனால் பிளக்கில் பொறி பலவீனமாகும். பிறகு டைனமோவுக்குப் புதுத் திசையைப் பழக்க வேண்டும். அதன் எஃப் முனையிலுள்ள வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியின் லைவ் (உடம்போடு சேராத) முனையிலிருந்து ஒரு வயரால் எஃப் முனையை ஓரிரு தடவை தொட்டு எடுத்தால் சரி. அதைச் செய்யாமல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணக் கூடாது, டைனமோவைப் பற்றரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்டவுட் சுவிட்ச் கருகிவிடும். ஹோர்ன், லைற் எதற்கும் திசை ஒரு பொருட்டல்ல. வைப்பர் மோட்டாரும் பழையபடியே சுற்றும். எஸ்யூ பெற்றோல் பம்பை மட்டும் பார்க்க வேண்டும். பழைய பொயின்ற் பம்ப் என்றால் பிரச்சினை இல்லை. உள்ளே டயோட் வைத்த பிற்காலத்துப் பம்ப் என்றால் அது ஒரு திசைக்கு மட்டும்தான் சரிவரும். எல்லாம் முடிந்ததும் பொனற்றுக்குக் கீழே பெரிய எழுத்தில் 'நெகற்றிவ் எர்த்' என்று எழுதி ஒட்டுங்கள். இந்தக் காரைத் தெரிந்த ஒரு பழைய மெக்கானிக் பழக்கதோஷத்தில் பற்றரியைத் திருப்பிப் பூட்டிவிட்டால் புது செற் அந்த நிமிடமே போய்விடும்.

அடுத்தது டைனமோ. அந்தக் காலத்து லூக்காஸ் டைனமோவிலிருந்து 19 அம்பியர் வரும், பிற்கால மைனர்களில் 22. அதுவும் நல்ல வேகத்தில் ஓடும்போதுதான். நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஏறக்குறைய ஒன்றுமே வராது. இப்போது கணக்கைப் பாருங்கள். ஹெட்லைற் இரண்டும் 7 அம்பியர் அளவில் எடுக்கும். சின்ன லைற்றுகள் 2, இக்னிஷன் 3 அல்லது 4. நடுத்தரச் சத்தத்தில் பாடும் செற் 3, 4 எடுக்கும், கூட்டி வைத்தால் அதற்கு மேல். ஆரையம்பதி தாண்டி களுவாஞ்சிக்குடி றோட்டில் போகும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கல்யாண ஊர்வலத்தில் நடை வேகத்தில் லைற்றும் போட்டு, பாட்டும் போட்டு, மேளக்காரர் பின்னால் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் அத்தனையும் பற்றரியிலிருந்துதான் போகிறது. மண்டப வாசலில் எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போதுதான் தெரியும். மாப்பிள்ளையின் நண்பர்கள் பட்டு வேட்டியோடு கார் தள்ளுவது படத்துக்கு நன்றாக இருக்கும், காருக்குச் சொந்தக்காரனுக்கு அல்ல.

இதற்கு நேரான தீர்வு, எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் கரண்ட் தரும் ஒல்ரனேற்றர். நெகற்றிவ் எர்த் ஆக்கிய பிறகு சின்ன ஜப்பான் கார் ஒன்றின் ஒல்ரனேற்றரைத் தாங்கி செய்து பூட்டிவிடலாம், கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். நான் அதைச் செய்யவில்லை. பொனற்றைத் திறக்கும்போது அந்த நீளமான டைனமோ அங்கே இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அதற்குப் பதிலாகக் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு பற்றரியை சார்ஜரில் போட்டுவிடுகிறேன். பகல் ஊர்வலத்தில் ஹெட்லைற் போடுவதில்லை. மாதம் முழுக்க வாடகைக்கு விடுகிறவர் என்றால் பிடிவாதம் பார்க்காமல் ஒல்ரனேற்றருக்குப் போவதுதான் புத்தி.

வயர் விஷயத்தில் ஒரே பேச்சு: பழைய வயரில் எதையும் தொடுக்காதீர்கள். துணிப்பின்னல் போட்ட அந்த வயர்கள் லைற்றுக்கே போதும் போதாமல் இருக்கின்றன. காரில் மொத்தம் இரண்டு பியூஸ்தான். பற்றரியிலிருந்து நேரே தனி வயர் இழுத்து, பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் வைக்க வேண்டும். செற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் வயர் உரசித் தேயும் நாளில் அந்தப் பியூஸால் பயனில்லை. 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டோம். 1.5 போட்டிருந்தால், போக வர ஆறு மீற்றர் தூரத்தில் 10 அம்பியருக்கு முக்கால் வோல்ற் அளவு வழியிலேயே தொலையும். எர்த்துக்கும் அதே தடிப்பில் தனி வயர், பற்றரி வரைக்கும். உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் உடம்பை நம்பி எர்த் எடுக்கக் கூடாது.

ஸ்பீக்கர் வயரும் அப்படியே. பழைய செற்றுகளில் ஸ்பீக்கரின் ஒரு முனையை உடம்பில் எர்த் பண்ணிவிட்டு ஒற்றை வயரோடு முடித்துவிடுவார்கள். புது செற்றில் ஸ்பீக்கரின் இரண்டு வயருமே செற்றிலிருந்து வருபவை. கறுப்புக் கோடு போட்டதை மைனஸ்தானே என்று உடம்பில் தொட்டால் உள்ளே இருக்கும் ஐசி எரியும். நிறங்கள் அநேகமாக எல்லாக் கொம்பனிக்கும் ஒன்றுதான்: முன்பக்கம் இடது வெள்ளை, வலது சாம்பல், பின்பக்கம் இடது பச்சை, வலது ஊதா. மஞ்சள் நிரந்தரக் கரண்ட், சிவப்பு சாவியோடு வருவது, கறுப்பு எர்த். மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுக்கும் காருக்கு அது சரிவராது, சாவி இல்லாமலேயே செற் விழித்திருந்து பற்றரியை மெல்ல மெல்லக் குடிக்கும்.

இனி ஸ்பீக்கர். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், நிறைய யோசித்ததும் இதற்குத்தான்.

மூடிய காரில் கதவுக்குள் வைத்த சின்ன ஸ்பீக்கரிலேயே பேஸ் நன்றாக வரும், ஏனென்றால் மூடிய சின்ன அறைக்குள் தாழ்ந்த ஒலி தங்கி வலுக்கிறது. ஹூட்டை இறக்கினால் அந்த அறையே இல்லை. மேலாக, காற்றின் இரைச்சலும் எஞ்சினின் உறுமலும் ரயரின் சத்தமும் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில்தான் இருக்கின்றன. பேஸைக் கூட்டினால் அந்த இரைச்சலோடு சண்டைதான் நடக்கும், அதுவும் தோற்கும் சண்டை. வாற் முழுக்க அங்கேதான் போகும். நான் செற்றில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டேன். சத்தம் குறைந்ததாக யாருக்கும் தோன்றவில்லை, குரல் தெளிந்தது. பழைய பாட்டுகளுக்கும் செய்திக்கும் அது போதும். தவில் அடி நெஞ்சில் விழ வேண்டும் என்பவர்கள் ஹூட்டைப் போட்டுக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

கல்லடிப் பாலத்தடியில் வாவி மீன்கள் பாடுவதைக் கேட்கிறவர்கள் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மற்ற முனையில் காதை வைப்பார்கள். மீனைச் சத்தமாகப் பாடச் சொல்ல முடியாது, சத்தம் காதுக்கு வரும் வழியைத்தான் சரிசெய்ய முடியும். காரிலும் அவ்வளவுதான். கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில், முழங்காலை நோக்கி ஸ்பீக்கரை வைத்தால் பாதிச் சத்தத்தைக் காலும் காற்றும் தின்றுவிடும். அதே ஸ்பீக்கரை மரத்தால் ஒரு சின்னப் பெட்டி செய்து, முகத்தை நோக்கிச் சற்று மேலே சாய்த்து வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். ஒட்டுப்பலகை கடல் நீருக்குத் தாங்கும் வகையாக இருக்கட்டும், வள்ளம் செய்யும் இடங்களில் துண்டு கிடைக்கும். முன்னுக்கு ஐந்தேகால் அங்குல ஸ்பீக்கர் இரண்டு, பின்சீற்றின் இரு பக்கப் பலகைகளில் இரண்டு. பின்னால் இருப்பவை கல்யாணச் சோடிக்காக. ஓட்டும்போது முன்னால் உள்ளதைத்தான் கேட்கிறேன்.

உடம்பில் ஓட்டை போடவே இல்லை. டூரருக்குக் கூரையின் பலம் கிடையாது என்பதால் கீழ்த்தட்டிலும் டாஷ்போட்டுக்குக் கீழேயும் மேலதிகமாக இரும்பு வைத்துப் பலப்படுத்தியிருக்கிறார்கள். ஸ்பீக்கருக்காக அந்த இரும்பில் வட்டம் வெட்டினால் காரின் முதுகெலும்பில் கை வைப்பதுதான். வெட்டிய ஓரத்தில் துரு ஏறுவது வேறு. கதவையும் விட்டுவிட்டேன். மெல்லிய தகடு கிணுகிணுக்கும், மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும், மூடித் திறக்கும் இடத்தில் வயர் அறும். கழற்றினால் காரில் ஒரு தழும்பும் இல்லாமல் போகக்கூடியதைத்தான் பூட்ட வேண்டும் என்று மாமியும் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

வாங்கும்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 'மக்ஸ்' வாற்றைப் பார்க்காதீர்கள். '4க்கு 50' என்று எழுதிய செற்றே ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தருவது 15, 20 வாற்தான். ஸ்பீக்கர் பெட்டியில் டெசிபெல் கணக்கில் ஒரு உணர்திறன் எண் இருக்கும். 88 போட்ட ஸ்பீக்கருக்கும் 91 போட்டதற்கும் 3 டெசிபெல் வித்தியாசம். 88க்கு இரண்டு மடங்கு வாற் கொடுத்தால்தான் 91இன் சத்தம் வரும். கரண்ட் தட்டுப்பாடான எங்கள் காருக்கு இந்த எண்தான் உண்மையான மிச்சம். கடதாசிக் கோன் வேண்டாம், மாரி காலத்தில் ஊறிப்போகும். படகுக்கு என்று விற்கும் பிளாஸ்டிக் கோன் ஸ்பீக்கர் கொஞ்சம் விலை கூட, ஆனால் வெயிலும் தாங்கும், உப்பும் தாங்கும். 4 ஓம் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே வயரில் இரண்டு ஸ்பீக்கரைச் சேர்த்துக் கொழுவினால் 2 ஓம் ஆகிச் செற் சூடாகிவிடும்.

பூட்டிய பிறகு பேனா பற்றரி ஒன்றை எடுத்து ஸ்பீக்கர் வயரில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள், செற்றிலிருந்து கழற்றிவிட்டுத்தான். பிளஸ்ஸோடு பிளஸ் சேர்ந்தால் கோன் வெளியே தள்ளும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். மூடிய காரில் அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். திறந்த காரில் மிஞ்சியிருக்கும் கொஞ்ச பேஸும் போய்விடும்.

செற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஜப்பான் கார்களிலிருந்து கழற்றிய செற்றுகள் மலிவாகக் கிடைக்கும், பார்க்கவும் கனமாக இருக்கும். ஆனால் ஜப்பானில் எஃப்எம் 76இலிருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் இருந்தது. எங்களுடையது 87.5இலிருந்து 108. சூரியன், சக்தி, தென்றல் என்று எங்கள் வானொலி எதுவும் வராது. இடையில் கொன்வேர்ட்டர் பூட்டலாம், பூட்டினால் இரைச்சலும் கூடும், நிலையங்களின் எண்ணும் தப்பாகக் காட்டும். புளூடூத்தில் மட்டும் கேட்பவருக்குப் பரவாயில்லை. நான் சிடி இல்லாத, உயரம் 5 சென்ரிமீற்றர், அகலம் 18 சென்ரிமீற்றர் கொண்ட சாதாரண செற் எடுத்தேன். சிடி இல்லாததால் ஆழம் குறைவு, டாஷ்போட் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. மூடியை மூடினால் புது சாமான் எதுவும் கண்ணில் படாது. தொடுதிரை செற் திறந்த காருக்கு ஆகாது, நம் வெயிலில் அதில் ஒன்றும் தெரியாது. திருகும் குமிழ் இருக்க வேண்டும். முகப்பைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடக்கூடியதாகவும் இருந்தால் நல்லது, பூட்டவே முடியாத கார் அல்லவா. பழைய ரேடியோமொபைல் டாஷ்போட்டுக்குக் கீழே அதன் இடத்திலேயே இருக்கிறது, வயர் இல்லாமல். அதன் உள்ளே புதுப் பலகை வைத்துப் பழைய குமிழ்களாலேயே இயக்கும்படி மாற்றுகிறவர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். செய்யலாம், எனக்கு மனம் வரவில்லை.

வருடத்தில் நாலைந்து தடவைதான் காரை எடுப்பவர் என்றால் இதில் எதுவுமே வேண்டாம். தண்ணீர் படாத நல்ல புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றைச் சீற்றில் வைத்துக்கொண்டு போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாம் பூட்டி முதல் தடவை போட்டபோது பாட்டைவிட இரைச்சல்தான் கூடக் கேட்டது. இதற்கு நானா சொல்லித்தந்த வழி எளிது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டதும் டிக் டிக் என்றால் பெற்றோல் பம்ப். எஞ்சின் ஓடும்போது படபடவென்று வெடித்து, வேகத்தோடு கூடினால் பிளக் வயர்கள். சீழ்க்கை போல மெல்லிய கூவல் ஆக்ஸிலேற்றரோடு ஏறி இறங்கினால் டைனமோ. பிளக்குகளுக்கு ரெசிஸ்ரர் உள்ள மூடிகள் போட்டோம். கொயிலில் சாவியிலிருந்து கரண்ட் வரும் முனையில் ஒரு கண்டென்சர், டைனமோவின் டி முனையில் ஒரு மைக்ரோஃபரட் கண்டென்சர். எஃப் முனையில் போட்டுவிடக் கூடாது, ரெகுலேற்றரின் பொயின்ற்றுகள் கெடும். அத்தோடு கூவல் நின்றது. படபடப்பு பாதிதான் குறைந்தது. மிச்சம் ஏரியலின் அடியில் இருந்தது. பூட்டிய இடத்தில் பெயின்றுக்கு மேலேயே முடுக்கியிருந்ததால் எர்த் இல்லை. உட்பக்கம் வாஷர் அளவுக்குச் சுரண்டி, கிறீஸ் பூசி முடுக்கியதும் தெளிந்தது. அந்த இடத்தை மாரி முடிந்ததும் வருடா வருடம் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கடற்கரையில் கார் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். பியூஸ் பெட்டியின் கிளிப்புகளும் அப்படித்தான் பச்சை பிடிக்கும்.

கல்யாணத்துக்குக் காரைக் கொடுக்கும்போது இப்போது ஒரு நிபந்தனை வைக்கிறேன். ஒரே ஒரு போன்தான் செற்றோடு சேரும், அதுவும் புறப்படும் முன்னரே சேர்த்துவிட வேண்டும். காத்தான்குடிப் பேரீச்ச மரங்களுக்கிடையே நெரிசலில் ஊரும்போது பின்னால் வந்த வானிலிருந்த ஒரு பையனின் போன் தானாகப் புகுந்து, பெண்ணின் அழகைப் பாடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டு, யாரோ கடன்காரன் பேசுவதை நாலு ஸ்பீக்கரிலும் போட்டுவிட்டது. முதல் நாள் ஒத்திகைக்கு அவனுடைய போனைச் சேர்த்தவர்கள் அழிக்கவில்லை. செற்றின் ஞாபகத்தில் உள்ள பழைய போன்களை எல்லாம் அழித்துவிட்டு, தானாகச் சேரும் வசதியையும் நிறுத்தி வையுங்கள். குறிப்புப் புத்தகத்தில் அது கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்.